வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர்

 

மக்களாட்சியின் தாயகம் என ஏதென்ஸ் நகரைக் கூறுவர். அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியோருக்கும் சபையில் இடமிருக்கவில்லை. அரசியலைப் பற்றி நூல் எழுதிய அரிஸ்டோட்டிலும் வெளியூரவரே. அவருக்கும் அங்கே வாக்கில்லை!

நமது நாட்டில் 1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வந்தது. அவ்வாண்டிலேயே, யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று, குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் புறக்கணித்தன. முழுச் சுயராச்சியம் என்ற நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் 1934 வரை அரசாங்க சபையில் அவ்வாசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

அது விரும்பிக் கைவிட்ட வாக்கு. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெரு மக்களோ விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். ஊர் பறிபோனபின் வாக்கு எந்த ஊருக்கு உரியது? இடம்பெயர்ந்தோருக்கும் வாக்குரிமை உண்டென 1998இல் ஐ.நா.வின் வழிகாட்டிக் கோட்பாடுகள் கூறின. அவை உடன்படிக்கையல்ல, எவ்வரசையும் கட்டுப்படுத்தா. நமது பாராளுமன்றம் இடம்பெயர்ந்தோரின் வாக்காளர் பதிவுக்கென விசேட சட்டம் இயற்றியது 2013இல்தான்.

பெற்றோரே! யாழ்ப்பாணமா, புத்தளமா? பெயரை ஓரிடத்தில்தான் பதியலாம். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு அதுவே சொந்த ஊராகத் தோன்றுவதில் குற்றமில்லை. ‘ஷூரா’ எனும் கலந்தாலோசனையை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. ஆகவே பிள்ளைகளையும் அமர்த்திப் பேசி முடிவெடுங்கள். இடாப்புத் திருத்தத்துக்குக் கிராம அலுவலர் வரும்போது, பதினெட்டு நிரம்பிய மகளின் பெயரையும் கொடுங்கள். சிலர் மகனோடு நிறுத்திக்கொள்கின்றனர்.