கோர்ஃப்பால் ஆடத் தொடங்குவோம்

கோர்ஃப்பால் என்னும் ஆட்டத்தின் பெயரைக் கேட்டிருப்போர் உங்களுள் மிகச் சிலராகவே இருப்பர். டச்சு மொழியில் ‘கோர்ஃப்’ என்றால் கூடை. ஆகவே இதனைக் கூடைப்பந்து என்றே தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை அமெரிக்காவில் பிறந்த ஆட்டத்துக்கு நாம் முன்பே கொடுத்துவிட்டோம். எனவே இதை அயல்பெயராலேயே அழைக்கிறேன்.

இவ்விரண்டு ஆட்டங்களையும் உண்டாக்கியவர்கள் ஆசிரியர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சற்றே பெருமை உண்டு. 1891-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கினார். 1902-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பள்ளியாசிரியர் நிகோ புரூக்ஹூய்சன், ஸ்வீடன் நாட்டில் நேஸ் என்னும் இடத்துக்கு ஒரு பயிற்சி வகுப்புக்காகச் சென்றார். அங்கே கம்பத்தில் பொருத்திய வளையத்துக்குள் பந்தெறியும் ஓர் ஆட்டத்தைக் கண்டார். ஊர் திரும்பியதும் வளையத்தை எடுத்துவிட்டு, அடியில்லாத பிரம்புக் கூடையை வைத்தார். பிரம்பு என்றதும் தலைமையாசிரியன் நினைவு உங்களுக்கு வேறு திசையில் போகக்கூடும். பிரம்புக்கு இப்படியும் ஒரு நல்ல பயன் உண்டு!

அவர் பள்ளியில் பையன்களும் பெண்களும் சேர்ந்தே படித்தனர். வகுப்பில் ஒன்றாக அமர்பவர்கள் மைதானத்தில் மட்டும் ஏன் பிரிய வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடையாகவே இந்த ஆட்டத்தை அமைத்தார். அக்காலத்தில் எதிர்ப்பும் ஏளனமும் எழாமல் இல்லை. ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவது ஒழுக்கக்கேடு என்று ஐரோப்பாவிலேயே பேசியவர்கள் இருந்தனர். ஆட்டம் நின்றுவிடவில்லை. 1920-இல் ஆன்ட்வெர்ப்பிலும் 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும் நடந்த ஒலிம்பிக் விழாக்களில் அது காட்சி ஆட்டமாக ஆடப்பட்டது. உலக வாகைப் போட்டி 1978-இல் தொடங்கியது. அந்தப் போட்டி 1995-இல் நமது தலைநகரான புது டெல்லியிலேயே நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இனி ஆட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஓர் அணியில் எட்டுப் பேர்: ஆண்கள் நால்வர், பெண்கள் நால்வர். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் நிற்பர். ஒரு பாதியில் இருப்பவர் தாக்குவர். மறுபாதியில் இருப்பவர் காப்பர். இரண்டு கோல் விழுந்தவுடன் இரு பிரிவினரும் பாதி மாறிக்கொள்வர். தாக்கியவர் காக்கவும், காத்தவர் தாக்கவும் வேண்டும். ‘எனக்குக் கோல் போடுவது மட்டும்தான் தெரியும்’ என்று இங்கே யாரும் மார்தட்ட முடியாது.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டு செல்லவும் கூடாது. பந்து கைக்கு வந்ததும் தோழருக்குக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஆண் ஆணையே தடுக்கலாம்; பெண் பெண்ணையே தடுக்கலாம். இதற்கும் மேலாக ஒரு விதி இருக்கிறது. எறிபவருக்கும் கம்பத்துக்கும் இடையில், எறிபவரைப் பார்த்தபடி, கை எட்டும் தூரத்தில் நின்று ஒருவர் தடுக்க முயன்றால், அந்த நிலையில் கூடைக்கு எறியவே கூடாது. எறிந்து விழுந்தாலும் கோல் ஆகாது. என் எண்ணத்தில் இந்த ஆட்டத்தின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது. உயரமானவன் குள்ளமானவனுக்கு மேலே கை தூக்கிக் கோல் போட்டுவிட முடியாது. தடுப்பவரை ஏய்த்து விலகி, ஒரு கணம் தனித்து நின்றாக வேண்டும். அந்தக் கணத்தில் பந்தைக் கொண்டுவந்து தர ஒரு தோழர் வேண்டும். அந்தத் தோழர் பையனா பெண்ணா என்று பார்த்துக்கொண்டிருந்தால் கணம் போய்விடும்.

இதை நான் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களுக்கு ஈடாக ஓடிய பெண்கள், எட்டாம் வகுப்பில் வேப்பமர நிழலில் அமர்ந்து பையன்களின் புத்தகப் பைகளுக்குக் காவல் இருப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஒரு பூக்கடைக்காரர் என்னிடம் வந்து, “ஐயா, பெண் பெரியவளாகிவிட்டாள். இனி அவளுக்கு மைதானம் எதற்கு?” என்று கேட்டார். நான், “பௌர்ணமிக்கு உங்கள் தாயார் கிரிவலம் போகிறார்களா?” என்றேன். “மாதம் தவறாமல் போகிறார்கள்” என்றார். “அது 14 கிலோமீட்டர் ஆயிற்றே! ஆண்கள் நடுவேதானே நடக்கிறார்கள்?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அது சாமி காரியம் ஐயா” என்றார். ஆனாலும் அந்தப் பெண் மறு வாரம் கயிறு தாண்டும் போட்டிக்கு வந்தாள். இந்த ஆட்டத்தினால் வேலை கிடைக்குமா என்று அவர் கேட்டிருந்தால், என்னிடம் விடை இருந்திராது.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் இப்போது செயற்கைப் பொருளாலான மஞ்சள் கூடை வந்துவிட்டது. நமக்கு, கூடை முடைபவர் ஒருவரிடம் சொன்னால் போதும்: விட்டம் சுமார் 40 சென்டிமீட்டர், உயரம் 25 சென்டிமீட்டர், அடி கிடையாது. அடியில்லாத கூடையில் என்ன அள்ளப் போகிறீர்கள் என்று அவர் கேட்பார். ஆட்டம் பார்க்க அழைத்து வாருங்கள். கூடையின் விளிம்பு தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு இதைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னால் பலகை வைக்காதீர்கள். கம்பம் களத்தின் ஓரத்தில் அல்ல, கடைக்கோட்டிலிருந்து 6.67 மீட்டர் உள்ளே நிற்கும். கம்பத்தின் பின்புறமிருந்தும் எறியலாம். பந்து, கால்பந்தாட்டத்தின் ஐந்தாம் எண் பந்தின் அளவே.

பதினாறு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு கம்பத்தை நட்டு, நால்வர் தாக்க நால்வர் காக்க ஆடுங்கள். முழு ஆட்டத்தின் பாதி அதுதான். எட்டுப் பேரில் நால்வர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் தளர்த்தாதீர்கள். முதல் நாளே இரண்டு பெண்கள் குறைகிறார்கள் என்று பையன்களை நிறுத்தி ஆடினால், மூன்றாம் நாள் அது வேறோர் ஆட்டமாகிவிடும். குறைந்தால் இருவருக்கு இருவர் ஆடலாம்.

முதல் வாரம் கூடைப் பக்கமே போகாமல் பந்து கொடுத்து வாங்கப் பழகுங்கள். நம்மூர் வெயிலுக்குக் காலை ஆறு மணியே ஏற்றது. கார்த்திகைத் தீப நாட்களில் ஊர் முழுதும் வெளியூர் மக்கள் நிறைந்திருப்பர். அப்போது கம்பத்தைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுங்கள். பெற்றோரை வரச் சொல்லுங்கள்; ஒளித்து ஆடும் ஆட்டம் ஊரில் நிலைக்காது. உடற்கல்வி ஆசிரியர் விதிகளைப் படித்துக்கொள்ளும் வரை, உங்களுள் ஒருவரே ஊதலை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் மாணவன், மறுநாள் மாணவி என முறை வைத்துக்கொள்ளுங்கள்.