தனித்தனி த்ராட்டிலும் எஞ்சினின் சக்தியும்

1964-ஆம் ஆண்டில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை அண்டியுள்ள மண்ணூர்பேட்டையில், லேத்துப் பட்டறைகளுக்கும் மெக்கானிக் கடைகளுக்கும் நடுவே வளரும் இளைஞர்களுக்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பொருத்தினால் காரின் சக்தி பெருகுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே.

சாதாரணக் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் திறப்பது த்ராட்டில் எனும் ஒரே ஒரு வட்டத் தகடு. அதன் வழியே நுழையும் காற்று முதலில் ஒரு பொது அறையை நிரப்பி, அதன் பிறகே கிளைக் குழாய்களில் பிரிந்து சிலிண்டர்களை அடைகிறது. ஏரியின் மதகைத் திறந்த மாத்திரத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. வயல் வரப்பிலேயே மடை இருந்தாலோ, திறந்த கணமே நீர் பாய்கிறது. அவ்விதமே த்ராட்டில் சிலிண்டரின் வால்வுக்கு அருகில் அமையும்போது, நம் ஓட்டுநர்கள் ‘பிக்கப்’ என்று சொல்லும் குணம் சிறக்கிறது. மேலும், வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் பந்தயக் கேம் ஷாஃப்ட் உள்ள எஞ்சினில், ஒரு சிலிண்டரிலிருந்து திரும்பும் காற்றலை அடுத்ததன் சுவாசத்தைக் கலைக்காதபடியும் இந்த ஏற்பாடு காக்கிறது.

ஆனால் உச்ச சக்தி என்பது வேறு விஷயம். நிமிஷத்துக்கு 6000 சுற்று சுழலும் எஞ்சினில், பிஸ்டன் காற்றை உறிஞ்சி இறங்கும் நேரம் விநாடியில் 200-இல் ஒரு பங்கே. அந்த அற்ப அவகாசத்தில் எவ்வளவு காற்று நிறைகிறது என்பதைக் குழாயின் நீளமும், கேமின் வடிவமும், சைலன்சரின் அமைப்பும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் வந்த பி.எம்.டபிள்யூ. எம் 3 காரின் 3.2 லிட்டர் எஞ்சின் ஆறு த்ராட்டில்களுடன் 343 குதிரைத் திறன் தந்ததும் இவை யாவும் ஒருங்கே இசைந்ததால்தான். பழைய ஒற்றை த்ராட்டில் போதிய அகலமுள்ளதாயின், அதைப் பிரிப்பதால் மட்டும் கிடைக்கும் லாபம் சொற்பமே.

சிரமங்களோ பல. எல்லாத் தகடுகளும் ஒரே அளவில் திறக்க வேண்டும். பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட இழுப்பு குறையாமல் பார்க்க வேண்டும். பெட்ரோலின் அளவைக் கணிக்கும் கம்ப்யூட்டருக்குப் புதிய பாடம் சொல்ல வேண்டும். ஃபில்டரின்றித் திறந்துவைத்தாலோ தூசி சிலிண்டரையே தேய்த்துவிடும்.

ஆகவே, 1990 முதல் பந்தயங்கள் நடக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் காருக்கு இது பொருத்தமான சாதனம். அன்றாடம் திருவள்ளூர் நெடுஞ்சாலை நெரிசலில் ஊரும் காருக்கோ, சுத்தமான ஏர் ஃபில்டரும் கரி படியாத ஒற்றை த்ராட்டிலுமே போதுமானவை. அப்படியும் பொருத்த விரும்பும் இளைஞர்கள், அது எழுப்பும் கம்பீரமான ஓசையைச் சக்தியென்று எண்ணி மயங்காமல், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டே முடிவு கூறுவார்களாக.