உறுமும் மோட்டாரும் ஊமையான மாணவனும்



இந்தச் சபையில் உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் தீர்மானம் இரண்டு அங்கங்களை உடையது. பொறியியற் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுத் திறனை வளர்க்கும் பொருட்டு 60 கணிப்பொறிகளும் 60 ஹெட்போன்களும் கொண்ட லேங்குவேஜ் லேப் ஒன்று நிறுவப்பட வேண்டும் என்பது முதல் அங்கம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசும் மாணவனிடம் ஒவ்வொரு தடவைக்கும் 10 ரூபாய் தண்டம் வசூலிக்க வேண்டும் என்பது இரண்டாவது. என்னை அழைத்து, மாலையும் அணிவித்து, மேடையேற்றிய நண்பர்கள் நான் இதனை ஆதரித்துப் பேசுவேன் என்று நம்பியிருப்பார்களாயின், அவர்களுக்கு என் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மாலையைத் திருப்பிக் கேட்டாலும் வருத்தமில்லை.

ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கிச் சோறுண்டவன் நான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பவன் அல்லன். 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கியபோது மனமார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அந்த வழியில் பயின்று வந்த இளைஞனும், நாளை ஒரு பம்பின் கையேட்டைப் புரட்டும்போதும், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய இயந்திரத்தின் எச்சரிக்கைப் பலகையை வாசிக்கும்போதும் ஆங்கிலத்தை எதிர்கொண்டே தீரவேண்டும். அது குறித்து எனக்கு எவரோடும் வழக்கில்லை. ஆங்கிலம் என்ற பெயரால் நாம் அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலாண்டு ஆங்கில வகுப்பின் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவனும் எழுந்து நின்று தன்னைப் பற்றிப் பேச வேண்டும். 'மைசெல்ஃப்' என்று தொடங்கி, ஊர் பெயர் தகப்பனார் பெயர் சொல்லி, பிறகு பொழுதுபோக்குக்கு வருவான். 60 பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு: 'ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக்'. கண்மாயில் மீன் பிடித்தவனும், அண்ணனின் செல்போன் கடையில் டிஸ்ப்ளே மாற்றியவனும், அதிகாலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடியவனும் ஏதோ ஒரு மாயத்தால் அன்று புத்தகப் பிரியர்களாகவும் சங்கீத ரசிகர்களாகவும் மாறிவிடுகிறார்கள். பிள்ளைகள் பொய்யர்களா? அந்தப் பொய்யைச் சொல்வதற்கு மட்டுமே நாம் அவர்களுக்கு வாசகம் கொடுத்திருக்கிறோம்.

நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவரின் மகன் முதலாண்டில் சேர்ந்தான். மூன்று வாரம் என் வகுப்பில் அவன் வாய் திறந்ததில்லை. எழுப்பி நிறுத்தினால் வியர்ப்பான். பின்வரிசையில் எவனாவது ஆங்கிலம் பேச முயன்றால், 'பீட்டர் விடுகிறான்' என்று சிரிக்கும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கவும் மாட்டான். மந்தபுத்தி என்றே நானும் முடிவு கட்டியிருந்தேன். அந்தப் பாவத்தை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் மின் ஆய்வகத்தைக் கடந்து செல்லும்போது அங்கே கூட்டம் கூடியிருந்தது. மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று சுழலாமல் நின்றது. பயிற்றுநர் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பையன் முன்னே வந்து, "சார், ஆஃப் பண்ணுங்க, காயில் வெந்துடும், ஒரு ஃபேஸ் வரல, அதான் உறுமுது" என்றான். ஃப்யூஸைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று எரிந்துதான் போயிருந்தது.

அவனைக் கையோடு அழைத்துப் போய், நீ சொன்னதை ஆங்கிலத்தில் எழுது என்றேன். வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினான்: 'மோட்டார் நாட் ஸ்டார்ட். ஒன்லி ஸவுண்ட். ஒன் ஃபேஸ் நோ. ஸ்விட்ச் ஆஃப் ஃபர்ஸ்ட்.' வினைச்சொல் அங்கங்கே விழுந்துகிடந்தது என்பது மெய்தான். ஆனால் கண்ட குறியும், அதன் காரணமும், உடனே செய்ய வேண்டிய காரியமும் நான்கு வரியில் அடங்கியிருந்தன. அந்த ஆண்டு முழுவதும் நான் திருத்திய ரெக்கார்டு நோட்டுகளில், சீனியர் ஒருவனின் நோட்டைப் பார்த்து, அந்தச் சீனியர் தப்பாக எடுத்த அளவுகள் உட்பட அட்சரம் பிசகாமல் நகலெடுத்து, இலக்கணச் சுத்தமாக நிரப்பிய பக்கங்கள் எத்தனையோ. இந்த நான்கு வரிக்கு ஈடான பக்கம் ஒன்றுகூட இல்லை. விடுபட்ட வினைச்சொற்களை ஒரு வாரத்தில் கற்பித்துவிடலாம். உறுமலைக் கேட்டு நோயை அறியும் காதை எந்த ஹெட்போன் கற்பிக்கும்?

இது கிழவனின் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். 1979 முதல் 1984 வரை, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு அவர்கள், பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரீட்சார்த்தம் நடத்தினார். இலக்கண விதிகளை வரிசைப்படுத்திப் போதிப்பதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு விடை தேடச் சொன்னார். கவனம் பொருளின்மீது குவிந்திருக்கும்போது பாஷை தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. 1987இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் அதைப் படித்து வாதாடியிருக்கிறார்கள். நம் வாசலில் விளைந்த அந்தச் சரக்கை நாம் ஏறெடுத்தும் பாராமல், கோடிட்ட இடத்தை நிரப்புக என்று இன்னமும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

சரளமாகப் பேசுவதே தகவல் தொடர்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 1999 செப்டம்பரில், செவ்வாய்க் கிரகத்தை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்று அங்கேயே அழிந்துபோயிற்று. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவையில் கொடுக்க, மறு குழுவினர் அதனை நியூட்டன் அளவை என்று கொண்டு வழி கணித்தார்கள். இரு தரப்பாரும் அழகான ஆங்கிலத்திலேயே சம்பாஷித்தவர்கள். உச்சரிப்பில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. எந்த அளவை என்ற ஒரு சொல்லைச் சரிபார்க்காததால் விண்கலம் போயிற்று. குறைத்துச் சொல்வதும், அளவிறந்து சொல்வதும், கேட்பவனை மயங்கவைப்பதும் நூலுக்குக் குற்றம் என்று நன்னூலில் பவணந்தியார் பட்டியலே போட்டுவைத்திருக்கிறார். டெக்னிக்கல் ரிப்போர்ட் எழுதக் கற்பிப்பவர்கள் அங்கிருந்து தொடங்கினாலும் தோஷமில்லை.

இனி அந்தப் 10 ரூபாய்க்கு வருகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021இல் சட்டம் வந்த பிறகு, தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் நம் கல்லூரிகளுக்குள் நம்பிக்கையோடு நுழைகிறார்கள். உந்தம் வேறு, திருப்புத்திறன் வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். தமிழில் அவ்விரண்டையும் குழப்பவே முடியாது. முதல் வாரத்தில் 'மொமெண்டம்' என்றும் 'மொமெண்ட்' என்றும் இரண்டு சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து காதில் விழ, தெரிந்த பொருளே தெரியாததாகிப் பிள்ளை திகைத்து நிற்கிறான். பக்கத்திலிருப்பவனிடம், "டேய், மொமெண்ட்னா திருப்புத்திறன்தானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறான். அந்தக் கேள்விதான் அன்றைய வகுப்பிலேயே உத்தமமான கேள்வி. அதற்குத்தான் நீங்கள் 10 ரூபாய் கேட்கிறீர்கள்!

நேர்முகத் தேர்வுக்கு வரும் கம்பெனிக்காரர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவனைக் கழித்துவிடுகிறாரே என்று பெற்றோர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான அச்சம். ஆனால் அந்த மோட்டார்க்காரப் பையன் நான்காம் ஆண்டில் நேர்முகத் தேர்வு அறைக்குள் போனபோது, தன் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. காயில் கட்டுவதைப் பற்றி உடைந்த ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பேசினான் என்று அவனே வந்து சொன்னான். வேலை கிடைத்தது.

ஆகையால் ஒரு திருத்தத்தை முன்மொழிகிறேன். முதலாண்டு ஆங்கிலத்துக்கு உரிய வகுப்புகளில் வாரத்துக்கு ஒன்றேனும் பணிமனையிலோ ஆய்வகத்திலோ நடைபெற வேண்டும்; அங்கே ஆங்கில ஆசிரியரும் பணிமனைப் பயிற்றுநரும் சேர்ந்து நிற்க வேண்டும்; அரம் பிடித்தவனும் பற்றவைத்தவனும் தான் செய்ததை முதலில் தமிழில் விளக்கிவிட்டு, அன்றே 10 வரி ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வேண்டும்; அந்த 10 வரிக்கு இன்டர்னல் மார்க்கில் இடம் தர வேண்டும்; தண்டத்தைப் பற்றிய அங்கம் முற்றிலும் நீக்கப்பட வேண்டும். இதனை வழிமொழிகிறவர்கள் எழுந்து பேசலாம். தமிழிலேயே பேசுங்கள், நான் காசு கேட்க மாட்டேன்.