மலைவழியில் ஒரு குவளைத் தேநீர்



யாத்திரை என்றவுடன் சிகரத்தையும் அதன்மேல் உள்ள கோயிலையும் நினைக்கிறோம். வழியை நினைப்போர் சிலரே. வழியின் பெருமையைச் சீன நாட்டு மலையொன்று உணர்த்துகின்றது.

பெய்ஜிங் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 1,290 மீட்டர் உயர்ந்து நிற்பது மியாவ்ஃபெங் மலை. அங்கே போற்றப்பெறுபவள் பிஷியா யுவான்ஜுன் என்னும் தாவோ சமயப் பெண் தெய்வம். மகப்பேறும் உடல்நலமும் வேண்டுவோர் அவளை நாடிச் செல்வர். சீன நாட்காட்டியின் நான்காம் திங்களில் முதல் பதினைந்து நாட்கள் விழாக்காலம்.

அவ்விழாவைத் தாங்குபவை அடியார் சங்கங்கள். ஒரு சங்கம் தேநீர் வழங்கும். ஒன்று கஞ்சி வார்க்கும். மற்றொன்று நடந்து கிழிந்த காலணிகளைத் தைத்துத் தரும். சிங்க ஆட்டமும் மரக்காலாட்டமும் நிகழ்த்தும் சங்கங்களும் உண்டு. தம் செலவைத் தாமே ஏற்பதும், பிறரிடம் தேநீரும் பெறாதிருப்பதும் அவர்தம் நெறி.

1925ஆம் ஆண்டு வரலாற்றறிஞர் கூ ஜியேகாங் நண்பர்களுடன் அம்மலை ஏறினார். சங்கங்கள் வழியில் ஒட்டியிருந்த அறிக்கைகளைப் படியெடுத்தார். கற்றோர் பலர் மூடநம்பிக்கை என ஒதுக்கிய இடத்தில், எளிய மக்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஆற்றலை அவர் கண்டார்.

பின்னர்ப் போரும், 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியும் கோயில்களை அழித்தன, விழாவும் நின்றது. 1980களில் கோயில்கள் மீண்டும் எழுந்தன. 1993இல் விழா மீண்டது. 2008இல் நாட்டின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கல்லும் மரமும் இருப்பின் கோயிலை எழுப்பிவிடலாம். ஆட்டத்தின் அடவும், ஒரு சங்கம் மற்றொன்றை எதிர்கொண்டு வணங்கும் முறையும் முதியோர் நினைவிலன்றோ தங்கியிருந்தன! அவர்கள் வாழ்ந்திருந்த காலத்தே விழா மீண்டமையால் இளையோர் கற்றனர். இன்னும் முப்பது ஆண்டுகள் கடந்திருப்பின் யாரிடம் கேட்பது?

இன்று அம்மலைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. படமெடுக்க வருவோரும் மிகுதி. இது வழிபாடா, காட்சியா என்னும் ஐயம் எழுவது இயல்பே. முன்பின் அறியாதவர்க்குத் தம் கைப்பொருள் செலவிட்டுத் தேநீர் அளிப்போர் உள்ளவரை அது யாத்திரையே. பெறுவோர் மட்டும் எஞ்சும் நாளில் கோயில் இருக்கும், யாத்திரை இராது.

ஆதலின், நம் இல்லத்து முதியோர் அறிந்தவற்றை இன்றே கேட்டறிவோமாக.