புள்ளியைப் பார்த்துப் படியுங்கள்



காயம் பட்டால் ரத்தம் உறைந்து நிற்கும். அது நல்லது. ஆனால் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவருக்கு வால்வின் மேலேயே ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கவே வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள். மாத்திரை போதாவிட்டால் கட்டி உண்டாகும். அதிகமானால் ரத்தம் கசியும்.

இந்த அளவைக் காட்டும் எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். வால்வு வைத்த பலருக்கு 2 முதல் 3.5 வரை தேவைப்படும். உங்கள் அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடியது. இந்தப் பரிசோதனைக்காக மைசூர் மைன்ஸிலிருந்து மாரிக்குப்பம் வந்து, ரயில் ஏறிப் பெங்களூர் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டிலேயே பார்க்கவும் கருவி இருக்கிறது. விலை அதிகம். டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

பார்ப்பது எப்படி?

1. ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் படியுங்கள்.
2. வெதுவெதுப்பான நீரில் கை கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.
3. புது ஊசியால் விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். விரலை அழுத்திப் பிழியாதீர்கள்.
4. முதல் சொட்டை உடனே ஸ்ட்ரிப்பில் வையுங்கள். இரண்டாவது சொட்டு சேர்க்காதீர்கள்.
5. எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

எழுதும்போது புள்ளியை விடாதீர்கள். 2.5 வேறு, 25 வேறு.

எண் மாறினால் மாத்திரையை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள். மலம் கறுத்துப் போனால், வாய் கோணினால், கை கால் மரத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கற்ற எண் உயிரையும் காக்கும்.