கருவி பார்க்கும், காப்பது யார்?

(படப்பையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடித்து, படப்பை வழியாகத் தாம்பரத்திற்குச் செல்லும் நம் பெண்மக்களை நினைந்தே இன்று இப் பொருளை எடுத்துக்கொண்டேன். பேருந்துகளில் பொருத்தப்பெறும் கண்காணிப்புக் கருவிகளைப் பற்றிப் பேசப் போகின்றேன். ஊரார் 'கேமரா' என்பதை நான் படக்கருவி என்றே சொல்வேன். இரண்டு முறை கேட்டால் உங்களுக்கும் பழகிவிடும்.

2012 திசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நீங்கள் அறிவீர்கள். அதன் பின்னர், 2013-இல் நடுவணரசு 1,000 கோடி உருபா ஒதுக்கி மகளிர் பாதுகாப்புக்கென ஒரு பொருள்வைப்பைத் தொடங்கியது. 'நிர்பயா' என்று அதற்கு வடமொழிப் பெயர். அஞ்சாதவள் என்பது பொருள். பெயரில் உள்ள அஞ்சாமை பேருந்தில் உள்ளதா என்பதன்றோ நம் வினா!

அவ் வைப்பின் துணையோடு சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 2,500 பேருந்துகளில் கருவி பொருத்தத் திட்டமிட்டனர். முதற்கட்டமாக 500 பேருந்துகளில் அமைத்து, 2022 மே மாதம் தமிழக அரசு தொடங்கி வைத்தது. ஒரு பேருந்துக்கு மூன்று படக்கருவிகள். இடர் வேளையில் அழுத்துதற்கு நான்கு குமிழ்கள். ஓர் எச்சரிக்கை மணி. குமிழை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும். அங்குள்ளோர் அப் பேருந்தின் உள்நிகழ்வைத் திரையில் காணலாம். வண்டி நிற்கும் இடமறிந்து காவலரை அனுப்பலாம்.

நல்ல ஏற்பாடுதான். 2016 சூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந் நிலையத்தில் படக்கருவியே இல்லை. வெளித் தெருவிலிருந்த கருவிகளின் பதிவைக்கொண்டு கொலைகாரனைத் தேட வேண்டியதாயிற்று. ஆகவே கருவி வேண்டா என்பார் கூற்றை நான் ஏற்கேன். ஆனால், அன்று அந் நடைமேடையில் நின்ற மாந்தக் கண்கள் எத்தனை! அத்தனையும் பார்த்தன, ஒன்றும் தடுக்கவில்லை.

கருவியால் ஆகாததும் உண்டு. 2018 சூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில், நெரிசலால் வண்டியின் படியில் தொங்கிச் சென்றோர் நடைமேடைச் சுவரில் மோதி மாண்டனர். அங்கே நூறு கருவிகள் இருந்திருப்பினும் நூறு படங்கள் கிடைத்திருக்கும். ஓர் உயிரும் மீண்டிராது. அவர்களுக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரு வண்டி! நம் சாலையிலும் காலைவேளைப் படிக்கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டா.

இன்னொன்று. இக்காலக் கருவி படம் பிடிப்பதோடு அமைவதில்லை. முகத்தைக் கண்டு ஆளை இன்னாரென்று சொல்லவும் கற்றுவிட்டது. திருடனைப் பிடிக்க உதவும் அதே கண், கூட்டத்திற்கு வந்தவன் யார், கொடி பிடித்தவன் யார் என்றும் கணக்கெடுக்கக்கூடும். 2017 ஆகத்து 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பதின்மர் ஆயம், தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. ஆனால், 2023-இல் இயற்றிய தரவுக் காப்புச் சட்டமோ, அரசின் உறுப்புகளுக்கு விலக்களிக்கும் ஆற்றலை நடுவணரசின் கையிலேயே கொடுத்திருக்கின்றது. வேலிக்குக் கதவு வைத்துத் திறவுகோலை ஆட்டிடம் கொடுத்த கதை! படம் எத்தனை நாள் வைக்கப்படும், யார் யார் பார்க்கலாம், எப்பொழுது அழிக்கப்படும் என்பன பேருந்திலேயே தமிழில் எழுதி ஒட்டப்படல் வேண்டும்.

தாய்மாரே! நாளைக்குப் பேருந்தேறும்பொழுது, இடர்க்குமிழ் எங்குள்ளது என்று நடத்துநரைக் கேளுங்கள். அது வேலை செய்கிறதா, அழுத்தினால் அவர் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். கூச்சம் வேண்டா. அவருக்கே தெரியவில்லையென்றால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பணிமனை மேலாளருக்குத் தமிழில் மடல் எழுதுங்கள். எழுத இயலாதார்க்கு எழுதித்தர நம் இளைஞர் நால்வர் இப்பொழுதே இம் மேடையருகில் அமர்ந்துள்ளனர்.