இரண்டாவது கையெழுத்து



1997 ஜூன் 30. மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், துணைத் தலைவர் மூக்கன், உடன்வந்த ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி ஆகிய ஆறு பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் தேர்தலில் நின்று வென்றதுதான் சாதி வெறியர்களின் கண்ணில் அவர்கள் செய்த குற்றம்.

அரிவாளை எல்லோரும் கண்டித்தார்கள். அரிவாள் இல்லாமலே நம் நாற்காலி பறிக்கப்படுவதைப் பற்றித்தான் இந்த நினைவு நாளில் பேச விரும்புகிறோம்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களை மறக்க முடியுமா? 1996இல் தனித்தொகுதியாகியும் பத்தாண்டுகள் அங்கே தலித் தலைவர் செயல்பட முடியவில்லை. வேட்புமனு போடவே ஆள் வராது. வந்தாலும், ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் வென்று, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். 2006இல்தான் அந்தக் கேலிக்கூத்து முடிந்தது. அதாவது, அந்த வடிவத்தில் முடிந்தது.

இன்றைய வடிவம் நாகரிகமானது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்து ஊர்த்தெருவில் இருக்கிறது. அவர் போடமாட்டேன் என்றால் சேரிக்குக் குழாய் வராது, தெருவிளக்கு எரியாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. பிறகு அவர்களே சொல்வார்கள்: "உங்க ஆளுக்கு நிர்வாகம் தெரியல." ஊழலைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பார்கள். தடுத்தது எதை என்பது நமக்குத் தெரியும்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானது. நாடே அதிர்ந்தது. நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, காசோலைப் புத்தகத்தையும் அலுவலகச் சாவியையும் வேறொருவர் வைத்திருந்தால் படம் எடுக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும். பெண்களுக்கான 50 விழுக்காடு நம் பெண்களுக்கும் உரியது. ஆனால் தலைவியின் கணவர் கூட்டம் நடத்துவதும், அதிகாரிகள் அவரையே "தலைவரே" என்று கூப்பிடுவதும் சேரியிலும் நடக்கிறது. பறிப்பவன் நம் வீட்டு ஆண் என்பதால் அது பறிப்பு இல்லையென்று ஆகிவிடாது. பெண் தோழர்கள் இதைப் பேசும்போது "இப்போ இது தேவையா?" என்று வாயடைப்பவர்களை இயக்கம் இனியும் பொறுக்கக் கூடாது.

துணைத் தலைவர் பதவிக்கும் சுழற்சி முறையில் இடஒதுக்கீடு வேண்டும். அது வரும்வரை, துணைத் தலைவர் காரணமின்றிக் கையெழுத்து மறுத்தால் குறித்த நாட்களுக்குள் அதிகாரி ஒருவர் கையெழுத்திட வகை செய்ய வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மாணவர்கள் அவரவர் ஊருக்குப் போங்கள். வரவுசெலவுக் கணக்கைக் கேளுங்கள். கையெழுத்தில்லாமல் எத்தனை பில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது, காசோலைப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.